சிஹெச்341ஏ ப்ரோகிராமர்: பாதியில் நின்ற பயாஸ் அப்டேட்டும் சில வருடப் பயன்பாடும்

பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும், மதர்போர்டு சிப்பில் இருக்கும் மென்பொருள்) அப்டேட் கெட்டுப்போன டெஸ்க்டாப் எப்படி இருக்கும் என்றால், பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றும், கேபினெட் விளக்கு ஜொலிக்கும், மானிட்டர் மட்டும் 'நோ சிக்னல்' என்றே நிற்கும். கீபோர்டில் நம்லாக் விளக்குகூட வராது. என்னுடையது பி450 சிப்செட் போர்டு. ரைசன் 5 2600 ப்ராசஸரை எடுத்துவிட்டு, 2022இல் வந்த 5600-ஐப் போடுவதற்காகப் புது பயாஸை போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி, பயாஸுக்குள் இருக்கும் அப்டேட் வசதி வழியாகவே ஏற்றினேன். பாதியில் உறைந்தது. எவ்வளவு நேரம் காத்திருந்தும் நகரவில்லை.

போர்டில் இருக்கும் வட்டமான சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டு என்று சொல்லாத ஆளே இல்லை. அதில் செட்டிங்ஸ்தான் அழியும். ரைசனில் கரண்ட் வந்ததும் முதலில் விழித்துக்கொள்வது ப்ராசஸருக்குள் இருக்கும் ஒரு குட்டி ஏஆர்எம் கோர். அது பயாஸ் சிப்பிலிருந்து தன் கோடைப் படித்து, ரேமைத் தயார் செய்த பிறகுதான் மற்ற கோர்களுக்கு வேலை. படிக்க வேண்டியது அரைகுறையாகக் கிடந்தால் அங்கேயே நின்றுவிடும். பேட்டரியை எத்தனை முறை கழற்றினாலும் அப்படித்தான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் போர்டைத் தொடக்கூட இல்லை. "போர்டு டெட் சார். வாரன்டி இருக்கா? இல்லன்னா புதுசு போட்டுக்கலாம்." வாரன்டி முடிந்திருந்தது. நான் வாங்கியது புது போர்டு இல்லை. யூஎஸ்பியில் மாட்டி பயாஸ் சிப்பை நேரடியாகப் படித்து எழுதும் கருப்பு நிற சிஹெச்341ஏ ப்ரோகிராமர், எட்டுக்கால் சிப்பைக் கவ்வும் கிளிப், 1.8 வோல்ட் அடாப்டர் மூன்றும் சேர்ந்த செட். மொத்தமே சில நூறு ரூபாய்.

அந்த 1.8 வோல்ட் அடாப்டர் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். சிப்பின் மேல் எழுதியிருப்பதை டார்ச் அடித்து, போனில் பெரிதாக்கிப் படியுங்கள். என் போர்டில் இருந்தது மேக்ரோனிக்ஸின் எம்எக்ஸ்25யூ12873எஃப். 25-க்குப் பின்னால் யூ வந்தால் 1.8 வோல்ட், எல் வந்தால் 3.3. வின்பாண்டின் டபிள்யூ25க்யூ128 என்றால் கடைசி எழுத்தைப் பாருங்கள்: எஃப்வி, ஜேவி 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூ 1.8. அடாப்டர் இல்லாமல் 1.8 சிப்பில் கிளிப்பை மாட்டினால் சிப் நிஜமாகவே போய்விடலாம். போதாக்குறைக்கு இந்தக் கருப்பு மாடல் பலவற்றில் சிப்புக்கான சப்ளை 3.3 வோல்ட்டாக இருந்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருகிறது. 3.3 சிப்புகள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

வேலை செய்யும் முறை எளிது. எஸ்எம்பிஎஸ் வயரைப் பிடுங்கி, சிமாஸ் பேட்டரியையும் எடுத்துவிட வேண்டும். கிளிப்பின் சிவப்பு வயர், சிப்பில் புள்ளி இருக்கும் முனைக்கு. இன்னொரு லேப்டாப்பில் லினக்ஸும், சிப்பைப் படித்து எழுதும் ஃப்ளாஷ்ரோம் மென்பொருளும் போதும். விண்டோஸ் என்றால் ஆஸ்ப்ரோகிராமர். எழுதுவதற்கு முன் படித்தே ஆக வேண்டும். இரண்டு முறை படித்து இரண்டு கோப்பின் செக்சம்மும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க எஃப்எஃப் என்றோ 00 என்றோ வந்தால், அநேகமாகக் கிளிப் சரியாக உட்காரவில்லை.

அப்புறம் கோப்பின் அளவு. 128 மெகாபிட் சிப் என்றால் சரியாக 1,67,77,216 பைட். ஏசஸின் கேப் (.CAP) பயாஸ் கோப்புகளில் தொடக்கத்தில் ஒரு தலைப்புப் பகுதி கூடுதலாக இருக்கும். யூஇஎஃப்ஐடூல் என்ற மென்பொருளில் திறந்து அதை நீக்கிவிட்டுத்தான் எழுத வேண்டும். என்னுடைய கோப்பு அளவு பொருந்தியது. எழுதுவது மெதுவாகத்தான் நடக்கும். டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். ஃப்ளாஷ்ரோம் தானே சரிபார்த்து 'வெரிஃபைட்' என்று சொன்னபின் பேட்டரியை மாட்டி ஆன் செய்தேன். ரேமைப் பழக சற்று நேரம் எடுத்துக்கொண்டு லோகோ வந்தது. விண்டோஸ் பின் நம்பரை ஏற்க மறுத்தது, ஏனென்றால் அந்தப் பின்னுக்கான ரகசியச் சாவிகளைக் காக்கும் எஃப்டிபிஎம்மின் தகவலும் இதே சிப்பில்தான் இருந்தது. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் 48 இலக்க ரிகவரி கீயை முதலில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருடத்தில் இந்த செட்டை நான் எழுதுவதைவிடப் படித்து வைக்கத்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன். காரணம் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடை. அங்கே இரண்டு இன்டெல் டெஸ்க்டாப்கள், இரண்டும் ஒரே இடத்தில் பயாஸ் சர்வீஸ் ஆனவை. "தம்பி, ஒண்ணுல நெட் வந்தா இன்னொண்ணுல போயிடுது" என்றார் கடைக்கார அண்ணன். பார்த்தால், நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய மேக் முகவரி இரண்டிலும் 88-88-88-88-87-88. இன்டெல் லேன் உள்ள போர்டுகளில் மேக் முகவரி பயாஸ் சிப்பிலேயே ஜிபிஇ என்ற பகுதியில் இருக்கும். பழையதைப் படித்து வைக்காமல் பொதுக் கோப்பை அப்படியே ஏற்றினால் இந்த எட்டாம் நம்பர் மேளா வந்துவிடும். அசல் முகவரி போர்டின் ஸ்டிக்கரில் இருந்ததால் அண்ணன் தப்பித்தார். ஸ்டிக்கரும் கிழிந்திருந்தால் ஏதாவது ஒன்றை நாமே வைக்க வேண்டியதுதான்.

குறை என்றால் கிளிப்தான். செட்டோடு வரும் கிளிப்பின் பற்கள் சீக்கிரமே தளர்ந்துவிடுகின்றன. ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்டர் தட்டும் நிலை. போமோனா 5250 கிளிப் நன்றாகக் கவ்வும், ஆனால் விலை முழு செட்டைவிடப் பல மடங்கு. வருடத்துக்கு ஒருமுறை தொடுபவர்களுக்கு அது வீண்செலவு. மலிவு கிளிப்பையே இரண்டாக வாங்கிக்கொள்ளலாம். ப்ரோகிராமர் இன்னும் நன்றாகவே ஓடுகிறது.

உங்கள் போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் இதெல்லாம் வேண்டாம். எஃப்ஏடி32 பென்டிரைவில் அந்த போர்டு எதிர்பார்க்கும் பெயரில் கோப்பைப் போட்டு, குறித்த யூஎஸ்பி போர்ட்டில் செருகி அழுத்தினால் போதும்; ப்ராசஸர், ரேம் இல்லாமலேயே வேலை நடக்கும். பட்டன் இல்லாத போர்டு, அதுவும் வாரன்டி முடிந்தது என்றால், செட்டை வாங்குங்கள். 1.8 அடாப்டரோடு.