கீழ்த்தளக் கழிப்பறை வேலையில் 62,000 ரூபாயை இழந்தேன்: முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

வீட்டில் வயதானவர்களுக்காகக் கீழ்த்தளக் கழிப்பறையை மாற்றிக் கட்ட நினைப்பவர்கள், பணத்தை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 62,000 ரூபாய் போய்விட்டது. நேற்று மாலைதான் முற்றாகக் கைவிரித்தார்கள்.

எங்கள் வீடு திருச்சியில். மாடிப்படிக்குக் கீழே மூன்றரை அடி அகலம், ஐந்து அடி நீளத்தில் ஒரு சின்னக் கழிப்பறை. பழைய இந்தியன் கிளாசெட். அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு குத்தவைத்து உட்காரவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வெஸ்டர்ன் கிளாசெட், பிடித்து எழ ஒரு கைப்பிடி, வழுக்காத டைல்ஸ், வெளிப்பக்கம் திறக்கும் கதவு. நாங்கள் கேட்டது இவ்வளவுதான்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செல்போன் செயலியில் பதிவு செய்தேன். மறுநாளே ஒருவர் வந்தார். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை டேப் பிடித்து அளந்தார். "உங்கள் உயரத்துக்குச் சரியாக வைத்துத் தருகிறேன் அம்மா, பத்தே நாள்" என்றார். அம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது, எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொடுத்தார். என் அம்மாவின் காலை அளந்து பார்த்தவர் ஏமாற்றுவார் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

மொத்தம் 95,000 ரூபாய் என்று பேச்சு. "செயலியில் கட்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும் சார், என் எண்ணுக்கே அனுப்பிவிடுங்கள், இன்றைக்கே டைல்ஸ் சொல்லிவிடுகிறேன்" என்றார். வாசலில் நின்றபடியே 62,000 ரூபாயை அனுப்பினேன்.

கழிவுக் குழாயின் வாயைச் சுவரிலிருந்து ஒன்பது அங்குலத்தில் வைத்துப் பூசிவிட்டார்கள். வந்து இறங்கிய கிளாசெட்டோ, குழாய் வாய் சுவரிலிருந்து நான்கு அங்குலத்தில் இருந்தால் பொருந்துவது. அதையே பொருத்தினார்கள். பின்னால் ஐந்து அங்குலம் வீணாகக் கிடக்க, உட்கார்ந்தால் முழங்கால் எதிர்ச்சுவரில் இடிக்கிறது. தரையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மூலையில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் நஹானி டிராப் பக்கம் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. வாசற்படியைத் தாண்டி ஹாலுக்கு வந்து, அம்மாவின் கட்டில் காலடியில் தேங்கியது. வாட்டமே, அதாவது தரையின் சரிவே, தலைகீழ். கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை இழுத்தேன், திருகாணியோடு கையில் வந்துவிட்டது. அம்மா பிடித்து எழும்போது வந்திருந்தால்? இதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

சரிசெய்தால்தான் மீதி 33,000 என்றேன். அன்றோடு ஆள் வரவில்லை. முதலில் "டைல்ஸ் லோடு வரவில்லை", பிறகு "மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கிறார்", பிறகு போனையே எடுக்கவில்லை. செயலியின் வாடிக்கையாளர் சேவையை ஒன்பது முறை அழைத்தேன். ஒவ்வொரு முறையும் வேறொரு குரல், ஒவ்வொரு குரலிடமும் முதலிலிருந்து கதை. "48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்" என்பார்கள், அழைப்பு வராது. நேற்று ஒரு பெண் பணிவாகச் சொன்னார்: "அவர் எங்கள் ஊழியர் இல்லை சார், நாங்கள் இணைத்துவிடுவது மட்டும்தான். பணமும் செயலிக்கு வெளியே கொடுத்திருக்கிறீர்கள்." அப்படியானால் அந்த ஆளின் படத்துக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்டவர்" என்று போட்டது யார்?

தெருக் கொத்தனார் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தரையை முழுக்க உடைத்தால்தான் ஆகும் என்கிறார். 62,000 ரூபாய் கொடுத்து, இனி உடைக்கவும் கூலி.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இவை: யாருடைய சொந்த எண்ணுக்கும் பணம் அனுப்பாதீர்கள். முன்பணத்தைக் குறைத்து, வேலை முடிய முடியக் கொடுங்கள். கிளாசெட்டை முதலில் வாங்குங்கள், அதன் அளவைப் பார்த்துக் குழாய் வைக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் ஊற்றி வாட்டம் பாருங்கள். ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கட்டணம் கிடையாது. நான் திங்கட்கிழமை போகிறேன்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். அம்மா கூப்பிடுகிறார், மாடிக் கழிப்பறைக்குப் பதினாறு படி கைப்பிடித்து ஏற்றிவிட வேண்டும்.