கற்பிட்டிக் காற்றில் 9, 12 சதுர மீட்டர் கைட்டுகள்: பல பருவப் பயன்பாட்டுக்குப் பிறகு

இலங்கையின் கற்பிட்டிக் களப்பில் மே முதல் அக்டோபர் வரை கச்சான் (தென்மேற்குக்) காற்று விடாமல் அடிக்கும். 18 முதல் 25 நாட் (மணிக்குக் கடல் மைல்) சாதாரணம். கைட் சர்ஃபிங்கில், அதாவது கைட் இழுக்கப் பலகையில் நின்று நீரில் ஓடுவதில், 75 கிலோ எடையுள்ளவருக்கு அப்போது 9 சதுர மீட்டர் கைட் போதும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வீசும் வாடைக்கு 12 வேண்டும். பல பருவங்கள் ஓட்டியதில் தெரிந்தது இது: அளவு தவறிப்போவதைவிட லைன் (கைட்டைப் பிடிக்கும் கயிறு) நீளம் தவறிப்போவதே அதிகம் படுத்தும்.

காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 12 நாட் காற்று சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்குச் சற்று மேல் அழுத்துகிறது. 20 நாட் காற்று 6 கிலோவுக்கு மேல். அதனால்தான் மெல்லிய காற்றில் பெரிய 12 இழுப்பதைவிடப் பலத்த காற்றில் சிறிய 9 வலுவாக இழுக்கிறது. இது நின்ற கைட்டின் கணக்கு. காற்றைப் போல இரு மடங்கு வேகத்தில் குறுக்கே பாயும் கைட்டுக்கு விசை ஏறத்தாழ ஐந்து மடங்கு. மெல்லிய காற்றில் 12-ஐ வானில் எட்டு வடிவத்தில் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

லைன்கள் சேரும் கைப்பிடியான பாரைத் தன் பக்கம் இழுத்தால் பின் லைன்கள் இறுகி, கைட் காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும், தூக்குவிசை ஏறும். ஓர் எல்லையைத் தாண்டினால் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும். கைட் திரும்பாது, பின்விளிம்பு முன்னாக, பின்வாக்கில் இறங்கும். புதியவர்கள் அப்போது பாரை இன்னும் இழுப்பார்கள். செய்யவேண்டியது நேரெதிர்: பாரை முன்னே தள்ளி, கைட்டை ஓடவிட வேண்டும்.

வாங்கிய புதிதில் நன்றாகப் பறந்த 12, பிறகு 14 நாட் காற்றிலேயே இப்படிச் சரிகிறதா? துணியைக் குறை சொல்லுமுன் லைன்களை அளந்து பாருங்கள். பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கும் முன் லைன்கள் நாளடைவில் நீண்டுவிடும். பின் லைன்கள் அவ்வளவு நீளா. ஆகவே, நீங்கள் இழுக்காமலே பார் இழுபட்ட நிலையில் கைட் பறக்கும். நான்கு நுனிகளையும் ஒரே கம்பத்தில் மாட்டி, ட்ரிம் பட்டையை (முன் லைன்களின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) முழுக்கத் தளர்த்தி, பாரை அடிவரை இழுங்கள். நான்கும் ஒரே இறுக்கத்தில் நிற்க வேண்டும். பின் லைன்கள் முந்தி இறுகினால், அவை பாரோடு சேரும் இடத்தில் உள்ள முடிச்சுகளில் ஒரு படி நீளமானதற்கு மாற்றுங்கள், இரு பக்கமும் சமமாக. இரண்டு மூன்று சென்டிமீட்டரே பெரிய வித்தியாசம் காட்டும். ஒரு பக்கம் மட்டும் குட்டையாக இருந்தால் கைட் அந்தப் பக்கமே சாய்ந்து ஓடும்.

25 நாட்டுக்கு மேல் 9-இன் ட்ரிம் பட்டையை இழுத்து விசையைக் குறைக்கலாம். ஆனால் பின் லைன்கள் தொய்ந்து, திருப்பினால் தாமதமாகக் கேட்கிறது என்றால் 7-க்கு மாறுவதே சரி. குத்துக்காற்றில் கைட்டைத் தலைக்கு மேல் நிறுத்தாதீர்கள். காற்று சட்டென்று விழும்போது அது தலையைத் தாண்டிப் போய், மூக்கு மடிந்து விழும். 45 பாகையில் வைத்திருப்பது பாதுகாப்பு.

கைட்டில் காற்றடைக்கும் குழாய்களின் அழுத்தம் பொதுவாக 6 முதல் 8 பிஎஸ்ஐ. கைட்டிலேயே அச்சிட்டிருக்கும் அளவே முடிவு. குறைவாக அடித்தால் பலத்த காற்றில் முன்விளிம்புக் குழாய் நடுவில் மடியும். கரையில் காற்றடைத்தபடி வெயிலில் படபடக்க விடாதீர்கள். வெயில் துணியை நலியவைக்கும், படபடப்பு பின்விளிம்புத் தையலைத் தின்னும். பழைய கைட் வாங்குகிறவர்கள் முதலில் தடவிப் பார்க்க வேண்டிய இடம் அந்தத் தையல்தான்.