120 அட்டைகளும் ஒரு பெருச்சாளியும்

இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்காகச் சென்ற மாதம் வேலூர் லாங் பஜாரில் ஓர் எழுதுபொருள் கடையில், செடிகொடிகளுக்கும் விலங்கு பறவைகளுக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களைக் கற்றுத்தரும் படஅட்டைப் பெட்டி ஒன்றை 280 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மொத்தம் 120 அட்டைகள். முன்பக்கம் வண்ணப்படமும் ஆங்கிலப் பெயரும், பின்பக்கம் தமிழ்ப் பெயரும் இரண்டு வரிக் குறிப்பும் உள்ளன. அச்சு தெளிவாக இருக்கிறது, அட்டை கெட்டியானது, மூலைகளை வட்டமாக வெட்டியிருப்பதால் குழந்தையின் கையைக் கீறுவதில்லை. குறையெல்லாம் பெயர்களில்தான். பெயரைக் கற்றுத்தரவென்றே விற்கும் பெட்டிக்கு அது சிறிய குறையன்று.

முதலில் கண்ணில் பட்டது கத்தரிக்காய். அட்டையில் ‘எக்பிளான்ட்’ என்று போட்டிருக்கிறார்கள். அது அமெரிக்க வழக்கு. இங்கிலாந்தில் ‘ஓபர்ஜின்’ என்பார்கள். நம் நாட்டு ஆங்கிலத்தில் வழங்குவதோ போர்ச்சுக்கீசிய மொழி வழியாக வந்த ‘பிரிஞ்ஜால்’. மூன்றும் சரியான ஆங்கிலமே. ஆனால் வெண்டைக்காய்க்கு ‘லேடீஸ் ஃபிங்கர்’ என்று இந்திய வழக்கை எடுத்துக்கொண்டவர்கள், கத்தரிக்காய்க்கு மட்டும் அமெரிக்கா வரை போனது ஏன் என்று தெரியவில்லை. முட்டைச்செடி என்று பொருள்படும் அந்தப் பெயர், கோழிமுட்டை போல வெளுத்த சிறு காய்களைப் பார்த்து வைத்தது. அட்டையில் இருப்பதோ நீண்ட கருநீலக் காய். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பேத்தி, “தாத்தா, இதுல முள்ளே இல்லையே” என்றாள். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளு கத்தரிக்காயைத்தான் அவள் வீட்டில் கண்டிருக்கிறாள். காம்பிலும் காயின் தலையை மூடிய பச்சைத் தொப்பியிலும் முள் இருக்கும், அரியும்போது விரலில் ஏறும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் காயை, எல்லா ஊருக்கும் பொதுவாக அச்சிட்ட பெட்டியில் எதிர்பார்ப்பது நியாயமன்று. பிரிஞ்ஜால் என்ற சொல்லை எதிர்பார்க்கலாம் அல்லவா?

பெரிய தவறு ‘பாண்டிகூட்’ அட்டையில் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பேத்தி எழுத்துக்கூட்டிப் படித்ததைக் கேட்டு, தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்தார். “எங்க பாஷையில பந்திகொக்குன்னு சொல்லுவோம், அதே பேருதான்” என்றவர், அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆனா இது அது இல்லையே” என்று திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்ன இரண்டும் சரி. பந்தி என்றால் பன்றி, கொக்கு என்றால் எலி (நம் கொக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை). பன்றியெலி என்ற அந்தத் தெலுங்குச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போனது. பிறகு ஆஸ்திரேலியாவில், எலிக்கு உறவே இல்லாத, வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் சிறு விலங்குகளுக்கும் ஆங்கிலேயர் அதே பெயரை வைத்தார்கள். அட்டையில் அச்சாகியிருப்பது அந்த ஆஸ்திரேலிய விலங்கு. கூர்ந்து நீண்ட மூக்கும் பின்புறத்தில் வெளிறிய பட்டைகளும் தெளிவாகத் தெரிகின்றன. பின்பக்கமோ, ‘பெருச்சாளி, சாக்கடை ஓரங்களில் வளை தோண்டி வாழும்’ என்கிறது. எங்கள் கொல்லையில் தென்னையடியைத் தோண்டிப்போடும் பெருச்சாளியை நாள்தோறும் பார்க்கும் குழந்தையிடம் இந்தப் படத்தைக் காட்டி நான் என்ன சொல்வது?

வேறொரு வகைத் தவறு, பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. ‘ஃபிளையிங் ஃபாக்ஸ்’ என்பதற்குப் ‘பறக்கும் நரி’ என்று எழுதியிருக்கிறார்கள். முகச்சாயல் நரியைப் போலிருப்பதால் ஆங்கிலத்தில் அப்படி வழங்குகிறது. தமிழில் அது பழந்தின்னி வௌவால். சீத்தாப்பழத்துக்கும் ‘கஸ்டர்ட் ஆப்பிள்’ என்றே தமிழ் எழுத்தில் போட்டு முடித்துவிட்டார்கள். பொதுவழக்குப் பெயர்களை இப்படிப் பிரித்துப் பொருள் பார்க்கக் கூடாது. நம் மாங்குயிலும் குயில் இனம் அன்று. இன்னொன்றும் உண்டு: ‘சிட்டால்’ என்று ஓர் அட்டை, ‘ஸ்பாட்டட் டீர்’ என்று ஓர் அட்டை. இரண்டும் ஒரே புள்ளிமான். அமிர்தி பூங்காவில் அதைப் பார்த்திருக்கும் பேத்தியே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜோடி சேர்த்துவிட்டாள். ஆகவே 120 அட்டைகளில் உள்ளவை 119 உயிர்களே.

செடிகொடி அட்டைகளைப் பொறுத்தவரை, கத்தரியையும் சீத்தாவையும் விட்டால் மனம் நிறைந்தது. அந்திமந்தாரைக்கு ஆங்கிலத்தில் ‘ஃபோர் ஓ கிளாக்’ என்று பெயர். பிற்பகல் சாயும் நேரத்தில் மலர்வதால் வந்தது என்ற குறிப்போடு, தமிழிலும் அந்தி இருப்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். முருங்கை அட்டையில் ‘டிரம்ஸ்டிக்’ என்பதற்குக் கீழே ‘மொரிங்கா ஒலீபெரா’ என்ற அறிவியல் பெயரும் இருக்கிறது; அந்த மொரிங்கா நம் முருங்கையிலிருந்து போனது என்று சொன்னதும் பேத்திக்கு ஒரே பெருமை. இந்த அறிவியல் பெயர் செடிகொடி அட்டைகளில் மட்டும் இருக்கிறது, விலங்கு அட்டைகளில் இல்லை. ‘பாண்டிகோட்டா இண்டிகா’ என்ற பெருச்சாளியின் பெயரைத் தேடிப்பிடித்து அச்சிட முனைந்திருந்தால், படம் மாறியதை அச்சுக்கு முன்பே கண்டுபிடித்திருப்பார்கள்.

பிரித்த பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்று கடையில் சொன்னார்கள். அவர்கள் மேல் தவறில்லை. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். வாங்குகிறவர்கள் செடிகொடி அட்டைகளைப் பெரும்பாலும் நம்பிக் கொடுக்கலாம். விலங்கு அட்டைகளைப் பெரியவர்கள் ஒருமுறை பார்த்துத் திருத்திய பிறகு கொடுப்பது நல்லது. திருத்துவதற்குப் பர்மனென்ட் மார்க்கர் வேண்டும். அந்த வழவழப்பான அட்டையில் பால்பாயின்ட் மை நிற்பதில்லை.