ராக்கா, ஸ்கார்ப்பியனா? கையடக்க சப்மெஷின் கன் இரண்டின் அலசல்

குமரி மாவட்டத்தில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் இல்லாத ஊர் குறைவு. சப்மெஷின் கன், அதாவது பிஸ்டல் தோட்டாவைத் தொடர்ந்து சுடும் சிறு துப்பாக்கி, என்றதும் அவர்களுக்கு நினைவு வருவது 'கார்பைன்', அதாவது பிரிட்டன் வடிவமைத்து கான்பூரில் தயாரான ஸ்டெர்லிங். தோளில் முட்டுக்கொடுக்கும் 'பட்' பகுதியை மடித்தால் சுமார் 48 செ.மீ. நீளம், 2.7 கிலோ எடை, இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் 34 ரவுண்டு மேகசின் (தோட்டாப் பெட்டி). அந்தக் கார்பைனை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், 1960களில் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் எவ்வளவு துணிந்தன என்பது விளங்கும். போலந்தின் பி.எம்-63 மடித்த நிலையில் 33 செ.மீ., 1.6 கிலோ. செக் நாட்டு வி.இசட்-61 வெறும் 27 செ.மீ., 1.3 கிலோ. இரண்டையும் இடுப்பு உறையில் செருகிக்கொள்ளலாம். டாங்கியிலும் வண்டியிலும் இருப்பவர்களுக்கு நீளத் துப்பாக்கி இடைஞ்சல் என்பதால் பிறந்தவை இவை.

பி.எம்-63க்கு 'ராக்' என்றும் பெயர். போலந்து மொழியில் அது நன்னீரில் வாழும் ஒரு ஓட்டுயிரி. நம் கடற்கரையின் சிங்கி இறாலுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். வி.இசட்-61இன் பெயர் ஸ்கார்ப்பியன். கம்பி பட், தேள் வாலைத் தூக்குவதுபோல முதுகின் மேலாக மடிந்து முன்னால் வந்து படுத்துக்கொள்ளும்.

எடை குறைந்தால் எங்கே உதைக்கும்? சாதாரண புளோபேக் துப்பாக்கியில், அதாவது வெடிப்பின் உதையே போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும் வகையில், குண்டு பேரலை (குழலை) விட்டு வெளியேறும்வரை பின்புறத்தை அடைத்து நிற்பது போல்ட் என்ற அந்த இரும்புத் துண்டின் கனமும் ஸ்பிரிங்கும் மட்டுமே. போல்ட் இலேசானால் அது வேகமாகப் போய்த் திரும்பும். சுடும் வேகம் நிமிடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டும். மூன்றாவது குண்டு எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. ஸ்டெர்லிங்குக்கு இந்தக் கவலை இல்லை. அதன் கனத்த போல்ட் நிமிடத்துக்கு 550 என்ற நிதானத்தில் ஓடும்.

செக் வடிவமைப்பாளர் மிரோஸ்லாவ் ரிபார்ஷ் முதலில் தோட்டாவைச் சிறிதாக்கினார். .32 ஏ.சி.பி. என்ற சிறு பிஸ்டல் தோட்டா, குண்டின் எடை 4.6 கிராம் அளவு. உதை குறைந்தது. பிறகு போல்ட் பின்னால் வந்ததும் ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். அதே நேரம் கைப்பிடிக்குள் ஒரு சிறு எடை கீழே தள்ளப்பட்டு, ஸ்பிரிங்கில் மோதி, மேலே வந்து கொக்கியை விடுவிக்கும். அந்தக் கண நேரத் தாமதம்தான் வேகத்தை 850க்கு இறக்குகிறது. அப்படியும் 20 ரவுண்டு மேகசின் ஒன்றரை வினாடிக்குள் காலி. ஆனால் போல்ட் மூடிய நிலையிலிருந்து சுடுவதால், ஒற்றைக் குண்டாகச் சுடும்போது குறி நன்றாக நிற்கும். பக்கவாட்டுத் திருகில் 0, 1, 20 என்று எழுதியிருக்கும்: பூட்டு, ஒற்றை, தொடர். இருட்டிலும் விரல் கண்டுகொள்ளும் எளிமை.

போலந்தின் பியோத்ர் வில்னியெவ்சிட்ஸ் வேறு வழியில் போனார். தோட்டா 9x18 மகரோவ் என்ற சோவியத் பிஸ்டல் தோட்டா, குண்டு சுமார் 6 கிராம். போல்ட்டுக்குத் தனிக் கூடு வைக்காமல், பிஸ்டல்போல முழு ஸ்லைடையே வெளியே ஓடவிட்டார். கூடு மிச்சம், நீளமும் மிச்சம். ஸ்லைடின் பின்பகுதியில் உள்ள தாமத எடை வேகத்தை 650க்குக் கட்டுப்படுத்துகிறது. முன்பக்கத்தில் கரண்டிபோல ஒரு நீட்சி உண்டு. சுடும்போது குழலின் வாய் மேலே எழும்பாமல் அமுக்குவது அதன் வேலை. அதைக் கெட்டியான எதிலாவது அழுத்தி ஒற்றைக் கையாலேயே ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளவும் முடியும். கேட்க அழகு. ஆனால் ஸ்லைடு கொண்டியில் மாட்டுமுன் நழுவினால், மேகசினிலிருந்து ரவுண்டை இழுத்துக்கொண்டு போய் வெடித்துவிடும். போல்ட் பின்னால் நின்று, ட்ரிக்கரை இழுத்ததும் முன்னால் பாய்ந்து சுடும் 'திறந்த போல்ட்' துப்பாக்கிகளுக்கே உரிய ஆபத்து இது.

ராக்கின் பெரிய குறை அதன் குறிகாணிகள். இரண்டும் ஸ்லைடின் மேலேயே இருக்கின்றன. ட்ரிக்கரை இழுத்ததும் ஸ்லைடு முன்னால் பாயும், குறிகாணியும் கூடவே ஓடும். தொடர்ந்து சுட்டால் கண்ணுக்கு எதிரே எல்லாம் மங்கல்தான். பட் குட்டையானது, முகத்தை நெருக்கி வைத்தால் ஸ்லைடின் பின்முனை கன்னத்துக்கு அருகே வந்து போகும். தேர்வுத் திருகும் கிடையாது. ட்ரிக்கரைப் பாதி இழுத்தால் ஒற்றை, முழுக்க இழுத்தால் தொடர். பதற்றத்தில் பாதி எது, முழுசு எது என்று விரலுக்கு எப்படித் தெரியும்?

நம் கடற்கரையையே சோதனைக் களமாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முட்டத்து உப்புக்காற்று, மணவாளக்குறிச்சியின் கருமணல். ராக்கின் ஸ்லைடு தடங்கள் வெளிக்காற்றுக்குத் திறந்தே கிடப்பதால், மணலும் உப்பும் எண்ணெயோடு சேர்ந்து பசையாகி ஓட்டத்தை மந்தமாக்கும். ஸ்கார்ப்பியனின் போல்ட் கூட்டுக்குள் இருப்பதால் நிலைமை மேல். ஆனால் சுட்டபின் அதன் காலித் தோட்டா உறைகள் நேர் மேலே தெறிப்பதால் மேலே ஒரு வாசல் உண்டு. இந்த விஷயத்தில் ஸ்டெர்லிங்கை இரண்டும் நெருங்காது. அதன் போல்ட்டில் வெட்டிய சாய்ந்த வரிகள் அழுக்கைத் தாமே வழித்துத் தள்ளும்.

எங்கள் தேர்வு ஸ்கார்ப்பியன், அதுவும் ஒற்றைக் குண்டுக்கு. தோட்டாவின் வலிமையில் ராக் தெளிவாக முந்துகிறது, மேகசினும் 25 ரவுண்டு கொள்ளும். ஆனால் குறி நிற்காத இடத்தில் கூடுதல் வலிமை எதற்கு? போலந்தே இதற்கு விடை சொல்லிவிட்டது. ராக்குக்குப் பின் வந்த பி.எம்-84இல் வெளியே ஓடும் ஸ்லைடு இல்லை. போல்ட் கூட்டுக்குள் போய்விட்டது. 1990களில் ஆஸ்திரியாவின் ஸ்டேயர் டி.எம்.பி. இன்னும் ஒரு படி தாண்டியது. பேரலே சற்றுச் சுழன்று பூட்டிக்கொள்வதால், கனத்த போல்ட் இல்லாமலே முழு வலிமை 9x19 தோட்டாவை 1.3 கிலோவுக்குள் அடக்கியது.