தெற்கு டிரோல்: ஏரிக்காகப் போனோம், சாப்பாடும் பிடித்துப்போனது

ஜூன் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இத்தாலியின் தெற்கு டிரோலுக்குப் போய் வந்தோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரையேஸ் ஏரிக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும், மரப் படகுகள் ஒன்றோடொன்று லேசாக முட்டும் சத்தம் மட்டும்தான் கேட்கும். பத்து மணிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்கா சந்தை மாதிரி கூட்டம்.

அப்புறம் கனேடெர்லி! பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, முட்டை சேர்த்து உருட்டி வேகவைத்தது, மேலே உருக்கிய வெண்ணெய். அம்மா இறைச்சி தொடமாட்டார், கீரை போட்டதை இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

டிரமின் ஊர்ப் பெயரிலேயே வரும் கெவூர்ட்ஸ்ட்ரமினர் ஒயினில் லைச்சி வாசம் தூக்கும், அவசியம் குடித்துப் பாருங்கள்.

ஒரே வருத்தம், இங்கே சிங்கப்பூரில் பதிவு செய்த முகவர் லிஃப்ட் இருக்கிறது என்று சொன்ன விடுதியில் அம்மா மூன்று மாடி ஏறினார்.