ஒரே சர்வரில் மூன்று கம்பெனி மெயில்: சேலத்துக்காரர்கள் காசு கொடுக்கும் முன் படிக்கவும்

மெயில் சர்வர் போட்டுத் தருகிறேன் என்று சேலத்தில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் ஒருவரால் எங்கள் குடும்பத்து வியாபாரம் மூன்றும் அடிபட்டுவிட்டன. பெயர் போடவில்லை. வேலை பார்த்த விதத்தைச் சொல்கிறேன், ஆள் வந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்பாவுக்கு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி, சித்தப்பாவுக்கு செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு, மாமாவுக்கு ஏற்காட்டில் காபி, மிளகு. மூன்றுக்கும் தனித்தனி டொமைன் (மெயில் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வரும் பெயர்). "எதுக்குங்க சார் மூணு இடத்துல காசு கட்டறீங்க, ஒரே சர்வர்ல வெச்சுத் தர்றேன்" என்றார். அந்தப் பேச்சில் தப்பே இல்லை. மூன்று டொமைனின் எம்எக்ஸ் ரெக்கார்டும் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) ஒரே சர்வரைக் காட்டலாம், உலகம் பூராவும் அப்படித்தான் ஓடுகிறது.

இவர் என்ன செய்தாரென்றால், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் சாஃப்ட்வேரின் செட்டிங்கில் மூன்று டொமைனையும் 'மைடெஸ்டினேஷன்' என்ற வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அப்படி எழுதினால் அட் குறிக்கு முன்னால் இருக்கும் பெயரை வைத்துத்தான் சர்வர் பெட்டியைத் தேடும். மூன்று கம்பெனிக்கும் 'சேல்ஸ்' முகவரி இருந்தால், மூன்றுக்கும் ஒரே பெட்டி! எஸ்டேட்டுக்கு கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் காபிக்கொட்டை சாம்பிள் கேட்டு எழுதிய மெயில், சேகோ ஃபேக்டரியில் பில் போடும் அக்காவின் கம்ப்யூட்டரில் வந்து விழுந்தது. ஏதோ விளம்பரம் என்று அவர் அழித்துவிட்டார். அவர் மேல் என்ன குற்றம்? மாமாவுக்கு விஷயம் தெரிந்தபோது அந்தக் கோயம்புத்தூர்க்காரர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார். முழு முகவரிக்கும் தனிப் பெட்டி தருவதற்கென்றே போஸ்ட்ஃபிக்ஸில் 'வர்ச்சுவல் மெயில்பாக்ஸ்' ஏற்பாடு இருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது அரிச்சுவடி.

அடுத்தது இன்னும் மோசம். நவராத்திரி விரதத்துக்கு மகாராஷ்டிராவில் ஜவ்வரிசி நிறையப் போகும். அதற்கு முந்தைய வாரங்கள்தான் எங்களுக்கு உயிர். அந்த நேரம் பார்த்து, ஜிமெயில் வைத்திருந்த வியாபாரிகளுக்கு அனுப்பிய ரேட் எல்லாம் திரும்பி வந்தது. "கூகுள்ல ப்ராப்ளம் சார், தானா சரியாகிடும்" என்றார் சர்வர் போட்டவர். திரும்பி வந்த மெயிலிலேயே 550 5.7.26 என்று காரணம் எழுதியிருந்தது: அனுப்பியவர் யாரென்று உறுதிசெய்ய முடியவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் (இந்த டொமைன் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகேஐஎம் (மெயிலோடு போகும் டிஜிட்டல் கையெழுத்து), இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். சர்வர் ஒன்றாக இருந்தாலும் இவற்றை ஒவ்வொரு டொமைனின் டிஎன்எஸ்ஸிலும் (டொமைனின் விவரங்கள் இருக்கும் இணையப் பதிவேடு) தனித்தனியாகப் போட வேண்டும். அவர் கொலுசுக் கடை டொமைனுக்கு மட்டும் போட்டிருந்தார்.

அதைச் சரிசெய்த பிறகும் வேறு சில கம்பெனிகளுக்கு மெயில் போகவில்லை. நோண்டிப் பார்த்தால், எங்களுக்கென்று பணம் வாங்கிய சர்வரில் வெளி ஆட்களையும் ஏற்றியிருக்கிறார். அதில் ஒருவர் விளம்பர மெயிலாக அள்ளி வீச, அந்த ஐபி (சர்வரின் இணைய எண்) ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பின் குப்பை மெயில் பட்டியலில் ஏறிவிட்டது; அதில் இருக்கும் ஐபியிலிருந்து வரும் மெயிலைப் பல கம்பெனிகள் வாங்காது. ஐபி ஒன்று என்றால் பழியும் எல்லோருக்கும் ஒன்றுதான். அவுட்லுக்கில், சர்வர் நிஜமானதுதானா என்று உறுதியில்லை என்ற சர்டிபிகேட் எச்சரிக்கை வரும்போதெல்லாம் "யெஸ் அமுக்குங்க" என்று எங்கள் ஆட்களைப் பழக்கிவிட்டதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. நாளைக்கு நிஜமான திருடன் நடுவில் புகுந்தாலும் அவர்கள் யெஸ்தானே அமுக்குவார்கள்?

விலகுகிறோம் என்றதும்தான் சுயரூபம் தெரிந்தது. மூன்று டொமைனையும் தன் பெயரில், தன் கணக்கில் பதிந்து வைத்திருக்கிறார். ரசீது மட்டும் எங்கள் பெயரில். இரண்டைக் கேட்ட பணம் கொடுத்து மீட்டோம். சேகோ டொமைனுக்கு வாய் கூசாமல் ஒரு தொகை கேட்கிறார். மூட்டையில் அச்சடித்த முகவரி அது, அப்பாவால் விட முடியவில்லை. வக்கீலிடம் போயிருக்கிறோம்.

அவரிடம் இப்போது மெயில் வைத்திருப்பவர்கள் டொமைன் கணக்கின் லாகினைக் கேட்டு வாங்குங்கள். அதில் டொமைனுக்கு உரிமையாளர் என்று பதிவாகியிருக்கும் பெயரும் மெயில் முகவரியும் யாருடையது என்று பாருங்கள். அந்த மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது; சர்வர் அவர் கையில் இருக்கும்வரை பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும் அவர் கைக்குத்தான் போகும். பழைய மெயில்களை முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு, பாக்கி எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். பாக்கி இருந்தால் அதையே பிடித்துக்கொள்வார்.