அலுவலக இணையத்தைப் பங்கிட: ஸ்குவிட் ப்ராக்ஸியா, ரவுட்டரின் வேகக் கட்டுப்பாடா?

குறைந்த வேக இணைப்பு ஒன்றையே அலுவலகம் முழுவதும் பகிரும்போது, ஸ்குவிட் போன்ற ப்ராக்ஸி சர்வரை (கணினிகளுக்கும் இணையத்துக்கும் இடையே நிற்கும் மென்பொருளை) நிறுவுவதா, ரவுட்டரிலேயே வேகத்தை வரையறுப்பதா என்று பல நிர்வாகிகள் தயங்குகிறார்கள்.

செலவு: ஸ்குவிட் இலவசம், ஆனால் அதை இயக்கக் கணினியும் தொடர்ந்த பராமரிப்பும் தேவை. ரவுட்டரில் இவ்வசதி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்.

சேமிப்பு: ஒருவர் திறந்த பக்கத்தைச் சேமித்து அடுத்தவருக்கு வழங்குவதே முன்பு ப்ராக்ஸியின் பெரும்பலம். இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் என்னும் மறையாக்கப்பட்ட இணைப்பு வழியே இயங்குவதால், மறையாக்கத்தைப் பிரிக்காமல் அவற்றைச் சேமிக்க இயலாது. பிரிப்பதற்கு ஒவ்வொரு கணினியிலும் நிறுவனத்தின் சான்றிதழை (ப்ராக்ஸியை உலாவி நம்பச் செய்யும் டிஜிட்டல் அடையாளத்தை) நிறுவ வேண்டும். ஊழியர்களுக்குத் தெரிவிக்காமல் அதைச் செய்வது தவறு என்பதே என் உறுதியான கருத்து. ரவுட்டர் எதையும் சேமிப்பதில்லை.

கட்டுப்பாடு: ஸ்குவிட்டின் டிலே பூல் வசதியால் பயனர், தளம், நேரம் வாரியாகப் பதிவிறக்கத்தை மட்டுப்படுத்தலாம். அதில் அளவைப் பிட்டில் அல்லாமல் பைட்டில் எழுத வேண்டும். ஒரு பைட் 8 பிட் என்பதால், 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 20 லட்சம் பிட்) வேகத்துக்கு 2,50,000 என்று குறிக்க வேண்டும். எனினும், பதிவேற்றமும் ப்ராக்ஸி வழியே செல்லாத காணொலி அழைப்புகளும் இதற்குள் அடங்கா. ரவுட்டரோ இருதிசைப் போக்குவரத்தையும் ஆள்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் முறைவைத்து இடம் தரும் எஃப்க்யூ கோடெல் போன்ற வரிசைமுறை இருந்தால், பெரிய கோப்பு ஒன்று ஏறும்போதும் அழைப்பு திக்காது.

காணொலிக் கூட்டங்களும் கிளவுட் சேவைகளும் மிகுந்த அலுவலகத்துக்கு ரவுட்டரே ஏற்றது. யார் எந்தத் தளத்தை எப்போது பயன்படுத்தலாம் என வரையறுத்துப் பதிவேடு வைக்க வேண்டிய இடத்துக்கு ஸ்குவிட் பொருந்தும். அங்கும் ரவுட்டரின் கட்டுப்பாட்டை அணைத்துவிடக் கூடாது.